கேட்காமலே போகிற கேள்வி: ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தின் வார்யா–லொபாகின் காட்சியை ஒத்திகை பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாணவ இயக்குநர்களிடம் ‘பழைய நாடகம் ஒன்றிலிருந்து ஒரு காட்சியை எடுத்து வாருங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நான்காம் அங்கத்தில், பண்ணை விற்றுப்போய் எல்லோரும் வீட்டைக் காலி செய்யும் நாளில், அந்த வீட்டு வளர்ப்பு மகள் வார்யாவும் பண்ணையை வாங்கிய வியாபாரி லொபாகினும் தனியாக நிற்கும் அந்தக் காட்சி யாராவது ஒருவர் கையில் வந்து சேரும். இரண்டே பேர், ஒரே அறை, மனப்பாடம் செய்ய ஒரு பக்கம்கூட இல்லை. சுலபம் என்று நினைத்து எடுப்பார்கள். மூன்றாம் நாள் ஒத்திகையில் முழி பிதுங்கும்.

இதில் நடக்க வேண்டியது நடக்காமல் போகிறது என்பதுதான் சிக்கல். லொபாகின் ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறீர்களா’ என்று கேட்க வேண்டும். கேட்பதில்லை. கேட்காததை எப்படி நடிப்பது? அந்த நேரத்தில் கை என்ன செய்கிறது, கண் எங்கே போகிறது என்பதைத்தான் நடிக்க முடியும். கீழே உள்ள வரிசை அதற்காகப் போட்டது. உணர்ச்சியை முதல் நாளே பிடிக்கப் போனவர்கள் எல்லோரும் கடைசி வாரத்தில் திரும்ப முதலிலிருந்து தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எட்டு ஒத்திகைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அதற்குக் குறைவாக இருந்தால் வேறு காட்சி எடுங்கள்.

ஆட்கள் ஐந்து பேர்: வார்யா, லொபாகின், வார்யாவின் வளர்ப்புத் தாய் லியுபோவ் அந்திரேயெவ்னா, வாசலில் கூப்பிடும் குரல், அப்புறம் கையில் ஸ்டாப்வாட்சும் பிரதியும் வைத்திருக்கும் ஒருவர். அந்த ஐந்தாவது ஆள் நீங்களாக இருக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடிப்பைப் பார்க்க முடியாது.

பொருட்கள்: இரண்டு பெட்டி, துணி மூட்டை ஒன்று, நாற்காலி ஒன்று, காலியான கண்ணாடிக் கோப்பைகள், சங்கிலி வைத்த பாக்கெட் கடிகாரம். முதல் நாளிலிருந்தே பெட்டிக்குள் நிஜமாகவே துணிமணி இருக்கட்டும். காலிப் பெட்டியைத் தூக்குகிற கை பொய் சொல்வது கடைசி வரிசைக்கும் தெரியும்.

நான்கு அங்கங்களையும் எல்லோரும் படித்திருக்க வேண்டும். வாசலில் ஒரே ஒரு முறை கூப்பிடப் போகிறவரும் சேர்த்துத்தான்.

2. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

வார்யா உள்ளே வரும் இடத்திலிருந்து தொடங்குவது முதல் தவறு. பார்வையாளருக்கு என்ன எதிர்பார்ப்பது என்றே தெரியாது. இரண்டு பேர் வானிலை பேசிவிட்டுப் போகிறார்கள் என்று நினைப்பார்கள்.

ஒரு பக்கம் முன்னால் போங்கள். லியுபோவ் லொபாகினிடம் வார்யாவைப் பற்றிப் பேசுகிறாள். அவனும் சம்மதிக்கிறான், இப்போதே முடித்துவிடலாம், நீங்கள் இல்லாவிட்டால் நான் கேட்கவே மாட்டேன் என்கிறான். ஒரு நிமிடம் போதும் என்று அவள் மகளைக் கூப்பிடப் போகிறாள். ஷாம்பெய்ன்கூட இருக்கிறதே என்று அவன் பார்த்தால் கோப்பைகள் காலி. வேலைக்காரன் யாஷா குடித்துத் தீர்த்துவிட்டான். கதவுக்குப் பின்னால் அடக்கிய சிரிப்பு, கிசுகிசுப்பு. அதன் பிறகுதான் வார்யா வருகிறாள். இவ்வளவும் இருந்தால்தான் பார்வையாளர் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பார்கள். அந்தக் கிசுகிசுப்பை நேரமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். வெளியே எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்பது அதில்தான் இருக்கிறது.

வார்யாவின் அழுகையோடு முடிக்கவும் வேண்டாம். லியுபோவ் மெதுவாக எட்டிப் பார்த்து ‘என்ன ஆச்சு?’ என்பதும், புறப்பட வேண்டும் என்பதும் வரை போங்கள்.

3. பிரதியைச் சரிபார்ப்பது

எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது மரியாதை. மூலத்தில் இருவரும் ஒருவரையொருவர் மரியாதைப் பன்மையில்தான் பேசுகிறார்கள். அவன் அவளை ‘வர்வாரா மிகைலோவ்னா’ என்று முழுப்பெயரும் தந்தை பெயரும் சேர்த்துக் கூப்பிடுகிறான். நம் பையன்கள் நடிக்கும்போது, பிரதியில் ‘நீங்கள்’ என்று இருந்தாலும் இரண்டாவது ஒத்திகையில் நாக்கு ‘நீ’க்கு வழுக்கிவிடும். ஆண், பணக்காரன், அவளைவிட மூத்தவன் என்று நம் காது கணக்குப் போடுகிறது. விடாதீர்கள். ‘நீ’ வந்த நொடியில் இருவருக்கும் நடுவே இருக்கும் தூரம் போய்விடும், காட்சியும் போய்விடும்.

இரண்டாவது தூரம். அவள் வேலைக்குப் போகிற யாஷ்னெவோ ‘எழுபது வெர்ஸ்ட்’ இருக்கும் என்கிறான் லொபாகின். வெர்ஸ்ட் பழைய ரஷ்யத் தூர அளவு; எழுபது என்றால் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பிரதியில் வெர்ஸ்ட் என்றே இருக்கட்டும், ஆனால் நடிகர்களுக்கு அந்தத் தூரம் தெரிய வேண்டும். குதிரை வண்டிக் காலத்தில் ஒரு நாளையே விழுங்கும் பயணம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் என்று மனதில் வைத்துக்கொண்டு சொன்னால் அந்த வரி வெறும் தகவலாகிவிடும்.

மூன்றாவது, முடிக்காத வாக்கியங்கள். செகாவ் புள்ளி வைத்து இழுத்து விட்ட இடங்களைச் சில மொழிபெயர்ப்பாளர்கள் நல்ல எண்ணத்தில் முழு வாக்கியமாக்கிவிடுவார்கள். திரும்ப உடைத்து விடுங்கள்.

4. மேசை ஒத்திகை

முதல் இரண்டு நாளும் உட்கார்ந்தே இருங்கள். எழுந்து நடக்க எல்லோருக்கும் கை கால் பரபரக்கும். ஆனால் பேச்சுக்குக் காரணம் தெரியாமல் எழுந்தால் கால் தானாக ஏதாவது ஒரு இடத்துக்குப் போய் அங்கேயே பழகிவிடும். அப்புறம் அதை மாற்ற இரண்டு நாள் ஆகும்.

நாடகத்திலிருந்தே எடுத்த உண்மைகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். லொபாகினின் அப்பாவும் தாத்தாவும் இதே பண்ணையில் அடிமைக் குடியானவர்களாக இருந்தவர்கள். ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஏலத்தில் பண்ணையை வாங்கியது அவனேதான். இப்போது அக்டோபர். வார்யாவுக்கு 24 வயது, வளர்ப்பு மகள், வீட்டு நிர்வாகம் முழுக்க அவள் கையில் இருந்தது. இரண்டு வருடமாக எல்லோரும் இந்தக் கல்யாணத்தைப் பற்றியே பேசுகிறார்கள், அவனோ பேசாமல் இருக்கிறான், இல்லையென்றால் கேலி செய்கிறான் என்று மூன்றாம் அங்கத்தில் அவளே சொல்கிறாள். அதே அங்கத்தின் கடைசியில் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றித் தரையில் வீசியவள் அவள்.

அந்தச் சாவிக்கொத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் அங்கத்தில் அது அவள் இடுப்பில் இல்லை. என் வகுப்பில் ஒரு மாணவி, பெட்டியைத் திறக்கப் போகும்போது பழக்க தோஷத்தில் இடுப்பைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, அந்தத் தாளைப் படித்ததால் வந்தது.

சரி, லொபாகின் ஏன் கேட்கவில்லை? நாடகம் சொல்வதில்லை. அடிமைக் குடியில் பிறந்த கூச்சமாக இருக்கலாம், மனம் லியுபோவிடம் இருக்கலாம், வியாபாரத்தைத் தவிர எதிலும் துணிச்சல் இல்லாதவனாக இருக்கலாம். நடிகர் ஒரு காரணத்தைத் தேர்ந்துகொண்டு அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கட்டும், முக்கியமாக வார்யாவாக நடிப்பவரிடம். அவளுக்கும் தெரியாதுதானே.

5. வார்யா எதைத் தேடுகிறாள்?

காட்சி தொடங்குவதே அவள் சாமான்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதில். எதையோ காணவில்லை என்கிறாள். எது என்று செகாவ் எழுதவில்லை. நீங்கள் முடிவு செய்ய வேண்டும், சின்னப் பொருளாக இருக்க வேண்டும். கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி, சீப்பு, எதுவானாலும் சரி.

மூன்றாம் ஒத்திகைக்கு முன் அந்தப் பொருளை வார்யாவுக்குத் தெரியாமல் சாமான்களுக்குள் ஒளித்து வையுங்கள். ‘கண்டுபிடி, வசனத்தையும் சொல்’ என்று மட்டும் சொல்லுங்கள். கண்கள் தானாகக் கீழே போகும், வசனம் அரைக் கவனத்தில் வரும். நமக்கு வேண்டியது அதுதான். ‘தேடுவது போல் நடி’ என்று சொன்னால் நூற்றுக்கு நூறு பேரும் தலையை இடமும் வலமும் ஆட்டுவார்கள்.

இரண்டு தடவை இப்படிச் செய்த பிறகு, பொருளை அவள் கண்ணில் படுகிற இடத்திலேயே வையுங்கள். இப்போது அவள் கண்டுவிட்டாள், ஆனாலும் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். தேடல் ஒரு சாக்கு. இந்த வரிசை முக்கியம்: நிஜத் தேடல் உடம்பில் ஏறிய பிறகுதான் பொய்த் தேடல் நம்பும்படி வரும்.

இங்கே அடிக்கடி வருகிற ஒரு கோணல்: பெண் பார்க்க வந்த வீட்டில் காபித் தட்டோடு நிற்கிற பெண்ணைப் போல நம் நடிகைகள் தலையைக் குனிந்து, முந்தானையைத் திருகாத குறையாக நிற்பார்கள். வார்யா அப்படிப்பட்டவளே இல்லை. ஒரு பண்ணை வீட்டைக் கட்டி மேய்த்தவள். இந்தச் சாமானையெல்லாம் மூட்டை கட்டியதும் அவள்தான். அவள் கை வேலைக்காரியின் வேகத்தில் ஓட வேண்டும். நின்றால்தான் அர்த்தம்.

6. அறையைத் தரையில் வரைதல்

நான்காம் நாள் எழுந்திருங்கள். கலர் டேப்பால் தரையில் அறையைக் குறியுங்கள். ஜன்னலில் திரை இல்லை, சுவரில் படம் இல்லை, மிச்சமிருக்கும் கொஞ்சம் மரச்சாமானும் விற்பனைக்கு வைத்ததுபோல் ஒரு மூலையில் குவிந்திருக்கிறது, பயணச் சாமான் கதவருகே கிடக்கிறது என்பது செகாவ் தந்த குறிப்பு. காட்சிக்குத் தேவையானது மூன்று புள்ளிகள்தான்: சாமான் குவியல், ஜன்னல், வெளிக்கதவு.

வார்யா சாமானோடு. லொபாகின் கதவுக்குப் பக்கத்தில் தொடங்கட்டும். ஜன்னலை அவனுக்குக் கொடுங்கள், பனியையும் வெயிலையும் பற்றிப் பேச அவனுக்கு ஓர் இடம் வேண்டும்.

ஒரே ஒரு சட்டம் போடுங்கள்: இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. அவள் நிமிரும்போது அவன் ஜன்னலில், அவன் திரும்பும்போது அவள் பெட்டிக்குள். ஒருமுறைகூடக் கண்கள் சந்திக்கவில்லை என்பதைப் பார்வையாளர் எண்ண மாட்டார்கள், ஆனால் மூச்சு முட்டும்.

மாணவ இயக்குநர்கள் இதற்கு நேர் எதிராக இருவரையும் மேடை நடுவில் முகத்துக்கு முகம் நிறுத்துவார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

7. உடையில் எது முதலில், எது பிறகு

முழு ஒப்பனை கடைசி இரண்டு நாள் போதும். ஆனால் நீளப் பாவாடையும் பூட்சும் நான்காம் நாளே வந்துவிட வேண்டும், ஏனென்றால் நடை அதைப் பொறுத்தது. எந்தப் பழைய பாவாடையானாலும் கணுக்கால் வரை இருந்தால் போதும். செருப்போடு பழகிய லொபாகின், கடைசி நாளில் பூட்ஸ் போட்டதும் கட்டுப்போட்ட கால்போல நடப்பான்.

காட்சியின் ஆரம்பத்தில் அவன் கடிகாரத்தைப் பார்க்கிறான். மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிற பழக்கத்தை உடைக்க ஒரு வாரம் பிடிக்கும் என்பது அனுபவம். முதல் நாளே பாக்கெட் கடிகாரத்தைக் கொடுத்துவிடுங்கள், டீ குடிக்கும்போதுகூட அதில் நேரம் பார்க்கட்டும். இந்தக் கடிகாரம் அலங்காரமும் இல்லை. ரயிலுக்கு 46 நிமிடம்தான் இருக்கிறது, 20 நிமிடத்தில் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும் என்று அங்கத்தின் தொடக்கத்திலேயே அறிவித்தவன் அவன். அந்த அவசரம் அவன் உடம்பில் இருக்கட்டும்.

8. நான்கு மௌனங்கள்

வேறு எதற்கு நேரம் இல்லாமல் போனாலும் இதற்கு ஒரு முழு ஒத்திகை ஒதுக்குங்கள். இந்தச் சின்னக் காட்சிக்குள் செகாவ் நான்கு முறை ‘மௌனம்’ என்று குறித்திருக்கிறார். மாணவர்கள் நான்கையும் ஒரே மாதிரி பிடிப்பார்கள்: பெருமூச்சு, தரையைப் பார்த்தல், மறுபடி பேச்சு. நான்கும் நான்கு வேலை செய்கின்றன. யார் அதை உடைக்கிறார்கள் என்று பார்த்தால் புரிந்துவிடும்.

முதல் மௌனம், நானே மூட்டை கட்டினேன், நினைவில்லை என்று வார்யா சொன்ன பிறகு. உடைப்பவன் லொபாகின், இனி எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டு. கேள்விக்கு மிக அருகில் வந்துவிட்டான். இது குட்டி மௌனம், இரண்டு மூன்று நொடி.

இரண்டாவது, எழுபது வெர்ஸ்ட் இருக்குமே என்று அவன் சொன்ன பிறகு. ‘போக வேண்டாம்’ என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. அவள் காத்திருக்கிறாள். இதையும் அவனே உடைக்கிறான், இந்த வீட்டில் வாழ்க்கை முடிந்தது என்று பொதுவாக ஏதோ சொல்லி. தன் பேச்சின் நடுவிலேயே நின்று, தானே தொடர்கிறான். ஐந்து நொடி.

பிறகு அவன் கார்கோவ் நகரத்துக்குப் போவதையும், இங்கே பண்ணை எழுத்தர் எபிகோதவை வேலைக்கு அமர்த்தியதையும் சொல்கிறான். போன வருடம் இந்நேரம் பனி விழுந்ததே, இப்போது வெயில், ஆனால் குளிர், மூன்று டிகிரி உறைபனி இருக்கும் என்கிறான். நான் பார்க்கவில்லை என்கிறாள் அவள். அதற்குப் பிறகு மூன்றாவது மௌனம். இதை உடைப்பவள் வார்யா: எங்கள் தெர்மாமீட்டரும் உடைந்து கிடக்கிறது. பாவம், பேச்சு செத்துவிடாமல் இருக்க அவள் தேடி எடுத்துக் கொடுக்கும் கடைசிச் சுள்ளி அது. இந்த வரிக்குச் சில சமயம் அரங்கம் சிரிக்கும். சிரிக்கட்டும். நாடகத்துக்கு ‘நகைச்சுவை’ என்று பெயர் வைத்ததே செகாவ்தான்.

நான்காவது மௌனத்தை இருவராலும் உடைக்க முடியவில்லை. வெளியிலிருந்து ஒரு குரல் வந்து உடைக்கிறது. ஆகவே நீளமானது இதுதான், எட்டு நொடி வரை தாங்கும்.

ஒத்திகை பார்க்கும் விதம்: ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் அளந்து குறித்துக்கொள்ளட்டும், நடிகர்களிடம் எண்ணைச் சொல்லாதீர்கள். சொன்னால் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள், அது கண்ணில் தெரியும். அதற்குப் பதில் ஒவ்வொரு மௌனத்துக்குள்ளும் சொல்லாத ஒரு வாக்கியத்தைக் கொடுங்கள். ஒருமுறை அதை வாய்விட்டே சொல்லச் சொல்லுங்கள் (‘போகாதீர்கள்’, ‘கேளுங்களேன்’), அடுத்த முறை வாயை மூடிக்கொண்டு. நீளம் தானாகச் சரியான இடத்தில் வந்து நிற்கும்.

மௌனம் பிடித்துப்போனதும் வருகிற அடுத்த நோய், எல்லா இடத்திலும் இழுப்பது. வசனம் வேகமாகப் போனால்தான் மௌனம் மௌனமாகத் தெரியும். 1904-இல் மாஸ்கோ கலை அரங்கம் இந்த நாடகத்தை முதலில் போட்டபோதே, 12 நிமிடத்தில் முடிய வேண்டிய அங்கம் 40 நிமிடம் ஓடுகிறது என்று செகாவ் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். அதை இயக்கிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கே நேர்ந்தது நமக்கு நேராதா.

9. வாசலில் கேட்கும் குரல்

‘யெர்மோலாய் அலெக்ஸேயிச்!’ என்று லொபாகினைப் பெயரும் தந்தை பெயரும் சொல்லிக் கூப்பிடுவது, அவ்வளவுதான் வசனம். கூப்பிடுபவன் வண்டியருகே நிற்கிற யாரோ ஒருவன், அவனுக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. ஆகவே சாதாரணமாக, சற்றே பொறுமையிழந்து, சத்தமாக வர வேண்டும். சோகத்தோடு கூப்பிடுகிறவரை உடனே மாற்றுங்கள்.

லொபாகின் இந்த அழைப்புக்காகவே வெகுநேரம் காத்திருந்தவன்போல ‘இதோ வந்துவிட்டேன்’ என்று சட்டென்று போய்விட வேண்டும். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது எல்லா நடிகர்களுக்கும் பிடித்த ஆசை. வெட்டுங்கள். திரும்பிப் பார்த்தால் அவனை மன்னித்துவிடுவோம்.

குரலுக்கான க்யூவை, அதாவது ‘இப்போது கூப்பிடு’ என்ற சைகையை, மேடையைப் பார்க்க முடிகிற ஒருவர் கொடுக்க வேண்டும். நான் இயக்கிய முதல் தடவை, குரல் கொடுக்க வேண்டியவர் பின்வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மௌனம் நீண்டது, நீண்டுகொண்டே போனது. கடைசியில் லொபாகினே ‘யாரோ கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது’ என்று சொல்லிவிட்டு வெளியேறினான். அரங்கமே சிரித்தது. அன்றிலிருந்து அந்தக் குரலை நானே கொடுக்கிறேன்.

10. அழுகை

ஏழாம் ஒத்திகைக்கு முன் இதைத் தொடாதீர்கள். முதல் நாளே அழுதுபார்த்த நடிகை, காட்சியின் முதல் வரியிலேயே அந்த அழுகையைச் சுமந்துகொண்டு வருவாள். முடிவு தெரிந்துவிட்டால் நடுவில் நம்பிக்கை இருக்காது. நம்பிக்கை இல்லாவிட்டால் நான்கு மௌனமும் வீண். தேடலும் மௌனமும் சரியாக வந்திருந்தால் அழுகையைத் தனியாகத் தயாரிக்க வேண்டியதே இல்லை.

குறிப்பு இவ்வளவுதான்: தரையில் உட்கார்ந்து, துணி மூட்டையில் தலை வைத்து, சத்தமில்லாமல் அழுகிறாள். நம் ஊர் நடிகைக்குத் தரையில் உட்காருவது இயல்பு, அதனால் சம்மணம் போட்டு அழகாக அமர்ந்துவிடுவாள். அந்த வீட்டில் வார்யா போன்றவள் தரைக்கு வருவது ஓர் இடிந்து விழுதல். கால் தாங்காமல், பாவாடை எப்படி விழுந்ததோ அப்படியே, மூட்டையின் மேல் சரியட்டும். முகத்தைப் பார்வையாளருக்குக் காட்ட வேண்டியதில்லை, முதுகு போதும்.

பின்னணி இசை வேண்டாம். வயலின் கேட்டுத்தான் தீருவேன் என்று உங்கள் நண்பர் யாராவது நிற்பார். லைட் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

11. கடைசி ஓட்டமும் அரங்கமும்

எட்டாம் நாள் அரங்கத்திலேயே ஓடுங்கள். கல்லூரி அரங்கங்களில் மின்விசிறிச் சத்தமே பாதி வசனத்தைத் தின்றுவிடும். இந்தக் காட்சிக்கு மட்டும் மேடைப் பக்கத்து விசிறிகளை நிறுத்த முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். முடியாது என்றால் குரலை உயர்த்தச் சொல்லாதீர்கள். இருவரையும் இரண்டடி முன்னால் கொண்டு வாருங்கள், ஜன்னலையும் சேர்த்து.

ஓட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடுங்கள். அதுவும் செய்யக்கூடிய காரியமாக இருக்கட்டும். ‘இன்னும் ஆழமாக’ என்று சொன்னால் நடிகர் வீட்டுக்குப் போய்க் குழம்புவார். ‘பெட்டியை மூடின பிறகு பேசு’ என்றால் மறுநாள் செய்துவிடுவார். அப்புறம் ஒளித்து வைத்த கத்தரிக்கோலை மறக்காமல் திரும்ப எடுங்கள். ஒரு தடவை அது மூட்டைக்குள்ளேயே கிடந்து, வார்யா சரியாக அதன்மேல் தலையை வைத்தாள்.